பட்டாசு லாரியின் பின்சக்கரத்தை யார் பார்க்கிறார்கள்?

பட்டாசு விபத்து என்ற செய்தி வந்ததும் நம் கவனம் போய் நிற்பது மருந்துக் கலவை அறையில்தான். உராய்வு, வெயில், அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் நடக்கும் வேலை, உள்குத்தகை என்று காரணங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கவனத்தில் பிழை இல்லை. உயிர்கள் அதிகம் போவது அங்கேதான். ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் செய்த சரக்கு அங்கேயே வெடித்துத் தீர்வதில்லை. அட்டைப்பெட்டியில் அடைபட்டு, லாரியில் ஏறி, நாட்டின் மறுமுனை வரை போகிறது. 2016 அக்டோபரில் சிவகாசி நகரில் வாகனத்தில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீ, பக்கத்து ஸ்கேன் மையத்தில் இருந்தவர்களையும் பலிகொண்டது. 2023 அக்டோபரில் ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது பற்றிய தீயில் பதினான்குக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள். இந்த இரண்டுக்கும் டயர் காரணமல்ல. சரக்கோடு நிற்கும் வாகனம் என்பது என்ன என்பதை உணர்த்தவே அவற்றைச் சொல்கிறேன். அந்த வாகனத்தில் தீ பிறக்கக்கூடிய இடங்களில் நாம் கண்டுகொள்ளாத ஒன்று, பின் அச்சின் ஜோடி டயர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. அங்கே என்ன அளவு டயர் போடுவது, ஸ்பேசர் வைப்பதா வேண்டாமா என்பதை லாரி உரிமையாளரின் மைலேஜ் கணக்காக விட்டுவைத்திருக்கிறோம். பட்டாசு ஏற்றும் லாரியில் அது தீப் பாதுகாப்பு விஷயம். அப்படியே நடத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

ஜோடி டயரின் அருமையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நான்கு டயர் ஒரு அச்சின் சுமையைப் பகிர்கிறது. ஒன்று போனாலும் வண்டி சாயாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்தும் அதுவே. முன்சக்கரத்தில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் உள்பக்க டயரில் காற்று இறங்கினால் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. பக்கத்து டயர் தன் பங்கோடு அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது. காற்று இறங்கிய டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில்தான் வெப்பம் பிறக்கிறது. பக்கவாட்டு ரப்பர் பிதுங்கிப் பக்கத்து டயரின் மேல் தேய்கிறது. உள் டயருக்கு அருகிலேயே பிரேக் டிரம் இருப்பதால் அதன் சூடும் சேர்ந்துகொள்கிறது. வண்டி ஓடும்வரை காற்று ஓரளவு ஆற்றிக்கொண்டு வரும். டோல்கேட்டிலோ டீக்கடையிலோ நிறுத்தியதும் ஆற்ற ஆளில்லை; உள்ளே தேங்கிய வெப்பம் ஏறி, முதலில் புகை, பிறகு சுவாலை. டயர் தீயை வண்டியில் இருக்கும் சிறிய தீயணைப்பானால் அடக்குவது கடினம். மேலே அணைந்ததுபோல் தெரியும், உள்ளே ரப்பர் சூடாகவே இருந்து மீண்டும் பற்றும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் அடங்கும். அரிசி மூட்டை ஏற்றிய லாரியில் இது பணநஷ்டம். பட்டாசு ஏற்றிய லாரியில் அந்த டயருக்கு நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

டயர் தானாகப் பஞ்சராவது விதி என்றால், நாமே தேடிக்கொள்வது அளவு மாற்றம். கணக்கு எளிது. ஒரு ஜோடியில் இரண்டு டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தைத் தீர்மானிப்பது டயர் அல்ல, ரிம்மின் டிஸ்க். டிஸ்க்கின் முகம் ரிம்மின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதைப்போல இரு மடங்கு அந்தத் தூரம். அந்தத் தள்ளல் 160 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நடுக்கோடுகளுக்கு இடையே 320 மி.மீ. அதில் ஏறத்தாழ 278 மி.மீ. அகலமுள்ள 10.00-20 டயரைப் போட்டால், சுமை இல்லாதபோது இரண்டுக்கும் நடுவே 42 மி.மீ. மிஞ்சும். சரக்கு ஏறியதும் இரண்டும் தரையருகே பிதுங்கும். மிச்சத்தில் பாதி அதற்கே போய்விடும். ரேடியல் டயரின் பக்கவாட்டு இளக்கமானது என்பதால் பழைய நைலான் டயரைவிட அது அதிகம் பிதுங்கும். மீதி இருக்கும் இடைவெளிதான் காற்றோட்டத்துக்கு, சிக்கும் கல்லுக்கு, காற்று சற்றுக் குறைந்த நாளுக்கு, எல்லாவற்றுக்கும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்ச நடுக்கோட்டுத் தூரம் என்று ஒன்றைக் குறிப்பிடுவது இதனால்தான். பஞ்சர் கடையில் அந்த அட்டவணையைக் கேட்கிறவர் அரிது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். 9.00-20 டயருக்கு வந்த வண்டியில் 10.00-20 போட ஆசைப்படுவது ஏன் என்பது புரியக்கூடியதே. விட்டம் 35 மி.மீ. கூடுகிறது, தரையிலிருந்து அச்சு சற்று உயர்கிறது, ஆலைக்குப் போகும் மண்பாதையில் வசதி, டயர் ஓடும் தூரமும் கூடும் என்ற நம்பிக்கை. எல்லாவற்றையும்விட, மற்ற லாரியின் ஸ்டெப்னி இதற்கும் பொருந்தும். ரிம்மின் விட்டம் இரண்டுக்கும் 20 அங்குலமே என்பதால் டயர் தடையின்றி ஏறிவிடுகிறது. ஏறுகிறது என்பதே பொருத்தம் என்றாகிவிடுகிறது. ஆனால் 9.00 டயருக்கான ரிம் 7 அங்குல அகலம்; 10.00 டயருக்கு 7.5 அங்குலம் வேண்டும். டயர் ஒவ்வொன்றும் 19 மி.மீ. அகலம் கூடுகிறது, டிஸ்க் பழையதே. ஆகவே நடுவில் இருந்த இடைவெளி 19 மி.மீ. குறைகிறது. 7.50-16 போட்டிருந்த சிறிய லாரிகளில் 8.25-16 ஏற்றும்போதும் இதே கதைதான். அங்கே எல்லாமே சிறியது என்பதால் இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். மூன்றாவது வகை மாற்றம் நல்ல எண்ணத்தில் நடப்பது. 10.00 ஆர் 20 போட்டவர் இப்போது 295/90 ஆர் 20 வாங்குகிறார். இழுவை குறைவு, டீசல் மிச்சம் என்ற கணக்கில் இது நியாயமான தேர்வுதான். ஆனால் முதல் எண் அகலத்தைத்தான் சொல்கிறது: பழையதைவிட ஏறத்தாழ 15 மி.மீ. கூடுதல். ரிம் அதற்கேற்றதா என்று பார்க்காமல் மாற்றினால் அந்த 15 மி.மீ.யும் நடுவிலிருந்துதான் எடுக்கப்படும்.

இந்த நெருக்கத்துக்குக் கண்டுபிடிக்கப்பட்ட குறுக்குவழி ஸ்பேசர். உள் டிஸ்க்குக்கும் வெளி டிஸ்க்குக்கும் நடுவே ஒரு வட்டத் தகட்டைச் செருகினால் வெளி டயர் அந்தத் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. கண்ணுக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது எது என்று யோசித்தால் சங்கடம் தெரியும். ஸ்டட் வெறும் ஆணி அல்ல. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிய அளவுக்கு இழுபட்டு, இரண்டு டிஸ்க்குகளையும் டிரம்மோடு இறுக்கிப் பிடிக்கிறது. முகத்துக்கு முகம் உள்ள அந்த இறுக்கத்தின் உராய்வுதான் எஞ்சின் இழுப்பையும் பிரேக் அடியையும் தாங்குகிறது. நடுவே ஒரு தகடு வந்தால், ஒட்டும் முகங்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஒவ்வொரு முகத்திலும் இருக்கும் பெயின்ட், துரு, பிசிறு ஓட ஓட அமுங்கும். அமுங்கிய அளவுக்கு இறுக்கம் தளரும். ஸ்டட் பழைய நீளமே என்றால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைகிறது. ஸ்டட்டே சக்கரத்தை மையப்படுத்தும் வண்டி ஒன்று, ஹப் மையப்படுத்தும் வண்டி இன்னொன்று. லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பொதுத் தகடு இந்த வேறுபாட்டை அறியாது. மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் அதிர்வு, அதிர்வினால் தளர்வு, தளர்வினால் ஸ்டட் முறிவு என்று ஒன்று மற்றொன்றைக் கூட்டிக்கொண்டு வரும். போதாததற்கு வெளி டயர் தள்ளிப் போகும்போது சுமையின் கோடும் வெளியே நகர்ந்து, ஹப் பேரிங்குக்கு அதன் வடிவமைப்பில் இல்லாத நெம்புச் சுமையைக் கொடுக்கிறது. சூடேறிய பேரிங்கும் தீக்கு ஒரு வாசலே. ஆகவே ஸ்பேசர் உராய்வு என்ற ஒரு தீக் காரணத்தை விலக்கிவிட்டு, அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை உள்ளே அழைத்து வருகிறது.

வெளிநாட்டில் ஸ்பேசர் சகஜமாக விற்கிறதே என்பார்கள். உண்மை. அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் இரட்டைப் பின்சக்கரப் பிக்கப் வண்டிகளுக்குப் பெரிய டயர் போடுகிறவர்கள், குறிப்பிட்ட வண்டிக்கென்றே துல்லியமாகக் கடைந்த ஸ்பேசரை, அதற்குரிய நீளமான ஸ்டட்டோடு வாங்கி மாட்டுகிறார்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குவதும் அதன் ஒரு பகுதி. அந்த வண்டிக்குப் பின்னால் வருவது படகோ, குதிரை ஏற்றிய டிரெய்லரோ. நாம் ஒப்பிட வேண்டியது அதை அல்ல. அதே நாட்டில் ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிக்கு என்ன விதி என்பதை. அங்கே மத்தியப் போக்குவரத்து விதிகளில் டயருக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியின் ஓட்டுநர் பயணம் தொடங்கும்போதும், வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எல்லா டயர்களையும் பார்த்தாக வேண்டும். அதிகம் சூடேறிய டயர் கண்ணில் பட்டால், அதைக் கழற்றி வண்டியிலிருந்து பாதுகாப்பான தொலைவில் போட வேண்டும். சூட்டின் காரணம் சரிசெய்யப்படும்வரை வண்டி நகரக் கூடாது. மேலும், வட அமெரிக்காவின் வாகனச் சோதனை அளவுகோலின்படி ஜோடியில் ஒரு டயர் மற்றதைத் தொட்டாலே அந்த வண்டி அங்கேயே நிறுத்திவைக்கப்படும். சரக்கின் ஆபத்தையும் டயரின் சூட்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதத் தோன்றியிருக்கிறது அவர்களுக்கு.

நம் விதிகளில் இந்தச் சேர்க்கை இல்லை, ஆனால் தனித்தனித் துண்டுகள் உண்டு. பட்டாசு 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள் வருகிறது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் அதை ஏழாம் வகுப்பில் வைத்திருக்கின்றன. ஆபத்தான சரக்கு ஏற்றும் வாகனத்தின் புகைபோக்கியில் தீப்பொறித் தடுப்பான் பொருத்த வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. எஞ்சினிலிருந்து வரும் பொறியை நினைத்தவர்கள் சக்கரத்திலிருந்து வரும் தீயை நினைக்கவில்லை. டயரைப் பற்றிய விதி லாரி டயரின் கொத்துப் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. மொட்டை டயரைப் பிடிக்க அது உதவும், நெருங்கிய ஜோடியைப் பிடிக்காது. ஆனால் அளவு மாற்றத்தைத் தடுக்க ஏற்கெனவே போதுமான சட்டம் இருக்கிறது. சரக்கு வாகனத்தின் பதிவுச் சான்றுப் படிவத்தில், தயாரிப்பாளர் அறிவித்தபடி ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டயர், என்ன அளவு, எத்தனை பிளை (டயரின் அடுக்கு வலு) என்று எழுத இடமுண்டு. பதிவு விவரங்கள் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்தது. புல்லட்டின் சைலன்சரை மாற்றிய இளைஞரிடம் இந்தப் பிரிவு பாய்வதைப் பார்க்கிறோம். பட்டாசு லாரியின் ஸ்பேசரிடம் பாய்ந்ததாகக் கேள்விப்படுவதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது இது: பட்டாசு எடை குறைந்த சரக்கு, இடத்தைத்தான் அடைக்கும், லாரி நிறைந்த பிறகும் டயருக்குப் பெரிய பாரம் இல்லை, பிதுக்கமும் இல்லை, பிறகு ஏன் பதற வேண்டும்? பாதி சரி. பட்டாசு மட்டுமே ஏற்றும் லாரி என்று ஒன்று இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சிவகாசிக்கு வரும் லாரி வெறுமனே வருவதில்லை. அச்சகங்களுக்குப் பேப்பரும் அட்டையும், ஆலைகளுக்கு ரசாயனமும் கொண்டு வருகிறது. அதே மாவட்டத்தில் ராமசாமிராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் சிமென்ட். விருதுநகர்ச் சந்தையில் பருப்பு, மிளகாய், எண்ணெய். போன வாரம் சிமென்ட் ஏற்றிய டயர்தான் இந்த வாரம் பட்டாசின் கீழே ஓடுகிறது. அதிகச் சுமையில் ஒருமுறை உள்ளே அறுபட்ட கம்பி, சுமை குறைந்ததும் ஒட்டிக்கொள்வதில்லை.

சுமைக் கணக்கிலேயே ஒரு பொறி உண்டு. 2018இல் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. லாரித் தொழிலில் பலரும் இதை வரவேற்றார்கள். டயரின் பக்கவாட்டில் 146/143 என்பதுபோல் ஒரு எண் ஜோடி அச்சாகியிருக்கும். முதல் எண் டயர் தனியாக ஓடினால், இரண்டாவது ஜோடியாக ஓடினால். ஜோடிக்கு எண் குறைவதற்குக் காரணமே உண்டு: இரண்டு டயர் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை, ஒன்றின் சூடு மற்றதையும் தாக்கும். டயர் சுமைக் குறியீட்டு அட்டவணையில் 143 என்றால் 2,725 கிலோ. நான்கு டயருக்கு 10,900 கிலோ. பழைய வரம்புக்கு இது தாராளம். புதிய வரம்புக்கு 600 கிலோ குறைவு. 10.00 ஆர் 20 அளவில் 16 பிளை டயர்களில் பொதுவாகக் காணப்படுவது இந்த 146/143தான். 18 பிளையில் 149/146 என்று வரும். ஜோடியில் டயருக்கு 3,000 கிலோ, அச்சுக்கு 12 டன், போதும். அதாவது அளவை மாற்றாமலே, ரிம்மைத் தொடாமலே, ஸ்பேசர் இல்லாமலே, சரியான பிளை கேட்டு வாங்கினால் தேவை தீர்ந்துவிடுகிறது. கடைக்காரரிடம் பத்து இருபது என்று மட்டும் சொல்லி வாங்குகிறவருக்கு எந்த எண் கிடைக்கும் என்பது அன்றைய இருப்பைப் பொறுத்தது.

ஜோடிக்குள் சமம் இல்லாதது அடுத்த குறை. அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது. ஒன்று ரீட்ரேட், ஒன்று அசல். மிக மோசமாக, ஒன்று நைலான், ஒன்று ரேடியல். 9.00 அளவிலும் அதற்கு மேற்பட்ட அளவுகளிலும் உள்ள டயர்களில் ஜோடிக்குள் விட்டம் அரை அங்குலத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 12 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது என்பது டயர்த் தொழிலில் நெடுங்காலமாக உள்ள அளவு. இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டப்பட்டிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். 12 மி.மீ. விட்ட வேறுபாடு ஒரு சுற்றுக்கு 38 மி.மீ. சுற்றளவு வேறுபாடு, கிலோமீட்டருக்கு முந்நூறு சுற்று என்றால் 11 மீட்டருக்கு மேல். சிவகாசியிலிருந்து டெல்லிக்கு 2,500 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். காகிதக் கணக்கில் ஒரு டயர் மற்றதோடு ஒப்பிட ஏறத்தாழ 30 கி.மீ. தூரம் தேய்த்து இழுக்கப்படுகிறது. பெரிய டயர் சுமையில் அதிகம் அமுங்குவதால் உண்மையில் இது குறையும். ஆனால் அந்த அமுங்கலின் பொருள், சுமையில் பெரும்பங்கை அந்த ஒரே டயர் தாங்குகிறது என்பது. ரீட்ரேட் டயரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நல்ல கேஸிங்கில் முறையாகச் செய்த ரீட்ரேட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. சிறு உரிமையாளர் பிழைப்பதே அதனால்தான். அதன் ஜோடியை அளந்து சேர்க்க வேண்டும் என்பதே சொல்ல வருவது. ஒரு சரடும் ஸ்கேலும் போதும்.

செலவு என்ற எதிர்வாதத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆறு டயர் லாரிக்குப் பின்னால் மட்டும் நான்கு டயர். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது ஒரு வண்டி வைத்திருப்பவருக்குச் சாதாரணச் செலவல்ல. டீசல், டோல், தவணை போக மிஞ்சுவதில்தான் டயர் வாங்க வேண்டும். ஆகவே எல்லா லாரிக்கும் இந்தக் கண்டிப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பட்டாசு ஏற்ற வருகிற லாரிக்குக் கேட்கிறேன். அந்த வாடகை வேண்டுமென்றால் பதிவுச் சான்றில் உள்ள அளவு, ஸ்பேசர் இல்லாத சக்கரம், சமமான ஜோடி. இல்லாத லாரிக்கு வேறு வாடகைகள் இருக்கின்றன. இதில் நியாயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. பெரிய டயர் போட்டதில் வரும் சேமிப்பு வண்டி உரிமையாளருக்கு. அதில் வரும் தீயின் அபாயம் ஓட்டுநருக்கும், கிளீனருக்கும், கப்பலூர் டோல்கேட்டில் பின்னால் நிற்கும் பேருந்துப் பயணிகளுக்கும். சரக்கை ஏற்றிவிட்ட ஆலைக்கோ லாரி யாருடையது என்பதே சில சமயம் புரோக்கர் சொல்லித்தான் தெரியும். முடிவெடுக்கிறவரும் விளைவை ஏற்கிறவரும் வேறு வேறாக இருக்கும் இடத்தில் விலை மட்டும் ஒழுங்கைக் கொண்டு வராது.

ஓட்டுநர்கள் டயரைத் தட்டிப் பார்க்கிறார்களே, அது போதாதா என்பார்கள். லிவரால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்துக் காற்றை அறியும் கைப்பழக்கம் மதிப்புக்குரியது. ஆனால் அது முற்றிலும் இறங்கிய டயரைச் சொல்லும். கால்வாசி குறைந்ததைச் சொல்லாது. பரிந்துரைத்த அழுத்தத்தில் 80 விழுக்காட்டுக்கும் கீழே ஓடிய ஜோடி டயரைக் காற்றில்லாமல் ஓடியதாகவே கருதிக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது டயர்த் துறையின் நடைமுறை. 120 பி.எஸ்.ஐ. வேண்டிய இடத்தில் 96. அந்தக் குறைவு காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. உள் டயரின் வால்வு எட்டாத இடத்தில் இருப்பதால் காற்று பிடிக்கும் பையனும் வெளி டயரோடு நிறுத்திக்கொள்வது உண்டு; நீட்டிய வால்வு ஒன்று மாட்டினால் தீரும் சோம்பல் அது.

யார் பார்ப்பது? வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ எஃப்.சி.க்கு வண்டியைப் பார்க்கிறது. நெடுஞ்சாலைச் சோதனை அதிகச் சுமையைப் பார்க்கிறது, தண்டனையும் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் என்று கடுமைதான். இரண்டும் பட்டாசு ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில் அங்கே இல்லை. அங்கே இருப்பது ஆலையின் கிடங்குக் காவலரும் லோடுமேன்களும். ஆகவே பொறுப்பு ஏற்றும் இடத்தின் வாசலில்தான் வைக்கப்பட வேண்டும். பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. அதன் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையமும் இங்கேதான். தயாரிப்பாளர்களின் டான்ஃபாமா சங்கம், உற்பத்தியாளர்கள் பலரும் உறுப்பினர்களாக இருக்கும் பெரிய அமைப்பு. இந்த மூன்றும் கூடி ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து, அனுப்பும் சரக்கின் மற்ற ஆவணங்களோடு அதையும் கட்டாயமாக்கலாம். பதிவுச் சான்றில் உள்ள டயர் அளவும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, பக்கவாட்டில் உள்ள ஜோடி எண் அச்சின் சுமைக்குப் போதுமா, நடுவே ஸ்பேசர் இருக்கிறதா, சரக்கு ஏறிய பிறகு இரண்டு டயருக்கும் நடுவே ஒரு மரக்கட்டை அளவுகோல் தடையில்லாமல் நுழைகிறதா, உள் டயரில் காற்று எவ்வளவு. இதற்கு இன்ஜினியர் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு கேஜும் போதும். அளவுகோல் நுழையாத வண்டியிலிருந்து சரக்கை இறக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பத்து நிமிடமும் கிடைக்காது என்று சொல்வார்கள். வட மாநிலச் சரக்கு நகர ஆரம்பித்ததும் லாரி கிடைப்பதே பெரும்பாடு, நின்ற லாரியைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது மூன்று நாள் கழித்துத்தான் என்பார்கள். உண்மையாகவே இருக்கும். அதனாலேயே இந்தச் சோதனையை ஏற்றும் நாளுக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஒப்பந்தம் பேசும்போது புரோக்கரிடம் வாடகையையும் வண்டியின் நீளத்தையும் கேட்கிறோம். டயர் அளவையும் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டால், பெரிய டயரும் ஸ்பேசரும் போட்ட வண்டி சிவகாசிக்குப் புறப்படும் முன்பே விலகிக்கொள்ளும். வருடத்தின் அமைதியான மாதங்களில், தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் நாட்களில், சரியான தள்ளல் கொண்ட டிஸ்க் வாங்கி மாட்ட விரும்பும் உரிமையாளருக்கு அதற்கான கால அவகாசமும் இருக்கிறது. லாரிச் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா இந்த மாநிலத்திலேயே, சென்னைப் பாடியில் இருக்கிறது. ஸ்பேசருக்கும் அடிக்கடி முறியும் ஸ்டட்டுக்கும் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் சரியான ரிம் ஒன்றும் அதிசயச் செலவல்ல.